வெட்டாத பிரதி

நாகவோகா, ஜனவரி 16

அக்கா,

இன்று காலை பனி ஒரு மீட்டர் முப்பது. தபால்பெட்டியைத் தோண்டி எடுத்துத்தான் இதைப் போடவேண்டும். நான் நலம். பனி வாரியதில் முதுகு மட்டும் பிடித்திருக்கிறது. உன் நலத்தைப் போனில் கேட்டால், "கடுதாசி போடு. நான் பாதி சொல்றதுக்குள்ள மீதியை நீயே சொல்லி முடிச்சுடற. காகிதத்துல குறுக்கே பேச முடியாதில்ல?" என்கிறாய். சரி, இதோ காகிதம். போய்ச் சேர மூன்று நாள் ஆகும் என்பதை மட்டும் பதிவு செய்கிறேன்.

உன் நிபந்தனைகள் எனக்குப் புரிந்தவரை இவை. ஜூலை வரை நீ படுக்கையைவிட்டு எழக்கூடாது. நாங்கள் யாரும் யாய்ஸுவுக்கு வந்து எட்டிப்பார்க்கக் கூடாது. இரண்டு முறை ஐந்தாம் மாதத்தில் இழந்தாயிற்று. அதனால் இந்த முறை குழந்தை என்ற சொல்லையே எடுக்காமல் 'ஜூலை' என்று மட்டும் சொல்லவேண்டும். (இப்போது எழுதிவிட்டேன். இதுவே கடைசி.) உன் மாமியார் காதுபட விழுவது, வழுக்குவது, உடைவது, அறுவது எதையும் சொல்லக்கூடாது. டாக்டர் கருப்பை வாய்க்குத் தையல் போட்டிருக்கிறார், தையலை நம்புங்கள். அகராதிக்கு ஏன் பயப்படுகிறீர்கள்?

நாளெல்லாம் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடக்கிறேன் என்றாய். வீட்டில் இருப்பவர்கள் கேட்பதற்காக எங்கள் அருங்காட்சியகம் ஒரு பாட்காஸ்ட் தொடங்கியிருக்கிறது. பேசுவது காப்பாட்சியர் இவாபுச்சி அம்மா. பதிவும் வெட்டலும் நான். முதல் பகுதி, தீச்சுடர்ப் பானை, விளிம்பு தீக்கொழுந்துபோல் எழும் பழங்கால மண்பானை. பதினோரு நிமிடம். உன் போனுக்கு அனுப்பியிருக்கிறேன். குறை இருந்தால் சொல்.

ஜூலையை விசாரித்ததாகச் சொல்லவும்.

ஹயாதோ


யாய்ஸு, ஜனவரி 24

அன்புத் தம்பி,

உன் ஊர்ப் பனியில் ஒரு கை வாரி இங்கே அனுப்பக் கூடாதா? இங்கே பனியே கிடையாது. சூரைமீனுக்குப் புகைபோடும் வாசனைதான் ஜன்னல் வழியாக வருகிறது. முன்பெல்லாம் பிடிக்கும், இப்போது வயிறு புரட்டுகிறது. அத்தை ஓடிவந்து ஜன்னலைச் சாத்துகிறார். அவர் மகன் அந்த மீன் ஆலையிலிருந்துதான் அதே வாசனையோடு வீடு வருகிறார் என்பது வேறு கதை. நானும் ஜூலையும் நலம். முதுகுக்குத் தைலம் தடவினாயா?

பானையைக் கேட்டோம். அத்தையும் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார். பானைக்குள் சமைத்துக் கருகிய தடம் இன்னும் இருக்கிறது என்று உங்கள் இவாபுச்சி அம்மா சொன்னாரே, அத்தைக்குத் தாங்கவில்லை. "அஞ்சாயிரம் வருஷமா அடிப்பிடிச்சுக் கெடக்கா? எந்த வீட்டு மருமக அவ, தேய்க்காம வெச்சது?" என்றார். வாய்விட்டுச் சிரிக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். தலையணையைக் கடித்துக்கொண்டேன்.

குறை கேட்டாய், சொல்கிறேன். அந்த அம்மாவுக்கு மூச்சே கிடையாதா? "பானையை எடுக்கிறேன்" என்கிறார். நான் மனதில் கையை நீட்டுவதற்குள் அடுத்த அறைக்குப் போய்விடுகிறார். நீதான் அவரைத் துரத்தியிருக்கிறாய் என்று சந்தேகம். சின்ன வயதில் என்னைக் கோயில் திருவிழாவில் இழுத்துக்கொண்டு ஓடிய அதே வேகம்.

வேளைக்குச் சாப்பிடு.

நாகிசா


நாகவோகா, ஜனவரி 29

அக்கா,

பனி ஒரு மீட்டர் அறுபத்தைந்து. முதுகு பரவாயில்லை. நீ எப்படி என்று கேட்பதற்கு இந்த வரி.

சந்தேகமே வேண்டாம், நான்தான் துரத்தினேன். ஒரு சின்னக் கணினி நிரல் எழுதியிருக்கிறேன். பெயர் மௌனவெட்டி. குறிப்பிட்ட அளவுக்குக் கீழே ஒலி இறங்கி அரை விநாடி தாண்டினால் அந்த இடத்தைத் தானே வெட்டி ஒட்டிவிடும். மூச்சு, தயக்கம், நடை எல்லாம் போய்விடும். அசல் பதிவு இருபத்தாறு நிமிடம். இருபத்தாறு நிமிடம் எவன் கேட்பான்? பஸ்ஸுக்கு நிற்கிறவன் கேட்கவேண்டாமா?

இவாபுச்சி அம்மாவும் இதையே கேட்டார். "ஹயாதோ, நான் இவ்வளவு வேகமா பேசறவ இல்லியே, எனக்கே மூச்சு வாங்குதே?" என்றார். "கேக்கறவங்களுக்கு வாங்காது மேடம்" என்றேன். உன்னால் இப்போது நான் பொய்யனாகிவிட்டேன்.

வெட்டாத பிரதியை அனுப்புகிறேன். பாதியில் தூங்கிவிட்டாய் என்றால் நான் சொன்னது சரி என்று ஒப்புக்கொள்ளவேண்டும்.

கவனமாக இரு.

ஹயாதோ


யாய்ஸு, பிப்ரவரி 11

அன்புத் தம்பி,

அத்தை வளர்க்கும் பிளம் மரத்தில் முதல் பூ. கட்டிலிலிருந்து பார்த்தால் ஒரே ஒரு கிளை தெரிகிறது. அது எனக்குப் போதும். இருவரும் நலம். நீ நன்றாக இருப்பாய் என்று நம்புகிறேன், இருபத்தாறு நிமிடம் நான் தூங்கவில்லை என்பதைக் கேட்ட பிறகும்.

என்ன கேட்டேன் தெரியுமா? ரப்பர் செருப்பு தரையில் ஒட்டி ஒட்டிப் பிரிகிறது. கண்ணாடிக் கதவு திறக்கிறது. அவர் கைக்கடிகாரத்தைக் கழற்றி மேஜைமேல் வைக்கிறார். பானையில் கீறல் விழக்கூடாது என்றுதானே? பிறகு ஒரு நீண்ட மூச்சை இழுத்துப் பிடிக்கிறார். எத்தனை நேரம்! அப்போதுதான் பானை எவ்வளவு கனம் என்று தெரிந்தது. நானும் மூச்சைப் பிடித்துக்கொண்டு அவரோடு சேர்ந்து தூக்கினேன். ஒரு மாதமாக ஒரு டம்ளருக்குமேல் எதையும் தூக்கவிடாத வீட்டில், படுத்தபடியே ஒரு பானையைத் தூக்கினேன். இதையா வெட்டி எறிந்தாய்?

போன வாரம் நாய் நாள் வந்தது. நாயைப்போலச் சுலபமாகப் பெறவேண்டும் என்று ஐந்தாம் மாதத்து நாய் நாளில் வயிற்றுத் துணி கட்டுவது வழக்கம் என்பது உனக்கும் தெரியும். முதல் இரண்டு தடவையும் ஊரையே கூட்டிக் கட்டினோம். இந்தத் தடவை வேண்டவே வேண்டாம் என்றேன். அத்தை தனியே கோயிலுக்குப் போய் வாங்கிவந்து என் தலையணை உறைக்குள் வைத்துத் தைத்துவிட்டார். எனக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்.

இனி எல்லாம் வெட்டாமல் அனுப்பு.

நாகிசா


நாகவோகா, மார்ச் 9

அக்கா,

பனி உருக ஆரம்பித்துவிட்டது. அளவெடுப்பதை நிறுத்திவிட்டேன். ஜலதோஷம் வந்து போனது. உங்கள் இருவரைப் பற்றி ஒரு மாதமாகத் தகவல் இல்லை. இருந்தாலும் நான் போன் செய்யவில்லை. இதைக் குறித்துக்கொள்.

உன் வழியில் மாட்டிக்கொண்டு பனிச்சறுக்குக் கட்டையையும் பழைய தறியையும் இரண்டு வடிவில் வெளியிட்டேன், குறுகியது ஒன்று, வெட்டாதது ஒன்று. அருங்காட்சியக இயக்குநர் என்னைக் கூப்பிட்டார். "என்னப்பா இது, முப்பது செகண்டு யாருமே பேசல? மெஷின் ரிப்பேரா?" என்றார். "இல்ல சார், தறியைப் பாத்துக்கிட்டிருக்காங்க" என்றேன். "யாரு?" "கேக்கறவங்க." என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார்.

அடுத்த வாரம் அவரே வந்து ஒரு தபால் அட்டையை நீட்டினார். முழங்கால் போன ஒரு பழைய நெசவாளி எழுதியிருந்தார்: "தறிநாடா இங்கும் அங்கும் ஓடும் சத்தத்தை வைத்தே சொல்கிறேன், உங்கள் தறியில் இடப்பக்கம் கயிறு தளர்ந்திருக்கிறது." போய்ப் பார்த்தோம். தளர்ந்துதான் இருந்தது. வெட்டாத பிரதியைத் தொடரச் சொல்லிவிட்டார்.

ஜூலை எப்படி இருக்கிறது? ஒரு வரி போதும்.

ஹயாதோ


யாய்ஸு, ஏப்ரல் 2

அன்புத் தம்பி,

செர்ரி பூத்து எல்லோரும் ஆற்றங்கரைக்குப் போய்விட்டார்கள். எனக்காக உன் அத்தான் ஒரு கிளையைப் புளித்த ஊறுகாய் ஜாடியில் வைத்திருக்கிறார். நலமாக இருக்கிறோம்.

எழுதாததற்குக் கோபிக்காதே. அந்த இரண்டு தடவையும் நாங்கள் தாண்டாத தேதி ஒன்று இருந்தது. அது போகட்டும் என்று காத்திருந்தேன். போய்விட்டது. ஜூலை உதைக்கிறது. தறிச் சத்தம் போட்டால் அதிகமாக உதைக்கிறது. பனிச்சறுக்கைக் கண்டுகொள்ளவே இல்லை. யாய்ஸுக் குடிதானே, பனிக்கு எங்கே போகும்!

முதல் தடவையாக ஜூலை மாதத்துக் காலண்டர் தாளைத் தூக்கிப் பார்த்தேன். பார்த்துவிட்டு உடனே விட்டுவிட்டேன்.

அடுத்தது என்ன? சீக்கிரம் அனுப்பு. கேள், உன்னிடம் நானே "சீக்கிரம்" என்கிறேன்.

நாகிசா


நாகவோகா, ஏப்ரல் 20

அக்கா,

இங்கே செர்ரி இப்போதுதான். நான் நலம், ஆனால் நேரம் இல்லை. மே விடுமுறைக் கண்காட்சி. ஒலிபெருக்கி பதினான்கு, நான் ஒருவன். உங்கள் நலம் அறிய அடுத்த கடிதத்தில் விரிவாகக் கேட்கிறேன்.

புதுப் பகுதி களிமண் பெண் உருவம். இவாபுச்சி அம்மா இரண்டு நாள் தயாரித்துப் பேசினார். அசல் பதிவைத் தனியே எடுத்து அனுப்ப நேரமில்லாததால் இந்த முறை வெட்டிய பிரதிதான் அனுப்பியிருக்கிறேன், பன்னிரண்டு நிமிடம். ஒலி சுத்தமாக இருக்கிறது.

ஹயாதோ


நாகவோகா, மே 12

அக்கா,

வயலில் நாற்று நடுகிறார்கள். நான் நலம் என்று எழுத வரவில்லை. நீ நலமா?

நான் கடைசிக் கடிதம் போட்டு இருபத்திரண்டு நாளாகிறது, உன்னிடமிருந்து எதுவும் இல்லை. போன் எடுக்கவில்லை. அத்தானைக் கூப்பிட்டால், "எல்லாம் சரியா இருக்கு ஹயாதோ, அவ எழுதுவா" என்று மட்டும் சொல்லி வைத்துவிடுகிறார். எல்லாம் சரியாக இருக்கும்போது அத்தான் இப்படிப் பேசமாட்டார். அந்த வருட மீன் எப்படி என்று அரைமணி நேரம் ஆரம்பிப்பார்.

நேற்றுதான் அந்தப் பகுதியை உட்கார்ந்து கேட்டேன். ஆமாம், நேற்றுதான். அனுப்பும்போது நான் கேட்கவில்லை. திரையில் ஒலியளவு கோடு சரியாக இருக்கிறதா என்று மட்டும் பார்த்தேன். அது கர்ப்பிணி உருவம். வயிறு பெரிதாக, நடுவில் கோடு போட்டு. மண்ணுக்கடியிலிருந்து கிடைத்தவை எல்லாமே உடைந்தவை, வேண்டுமென்றே உடைக்கப்பட்டவை, கால் ஓரிடம், வயிறு ஓரிடம் என்கிறார். எண்ணினேன். உடைந்த என்ற சொல் பன்னிரண்டு நிமிடத்தில் பதினேழு தடவை. அந்த வீட்டுக்கு, அந்தக் கட்டிலுக்கு, அத்தை பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போது அதை அனுப்பியிருக்கிறேன். அகராதிக்கு ஏன் பயம் என்று வேறு எழுதினேன்.

திட்டியாவது ஒரு வரி எழுது. போனில் என்றாலும் சரி. சத்தியமாகக் குறுக்கே பேசமாட்டேன்.

ஹயாதோ


யாய்ஸு, மே 16

மரியாதைக்குரிய ஹயாதோ அவர்களுக்கு,

இளந்தளிர்கள் கண்ணுக்குக் குளிர்ச்சி தரும் இந்நாட்களில் தாங்கள் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். எங்கள் வீட்டார் தங்கள் அன்பை என்றும் மறவோம்.

எனக்குக் கடிதம் எழுத வராது, மேலே உள்ளதைப் புத்தகத்தைப் பார்த்து எழுதினேன். மே முதல் தேதியிலிருந்து நாகிசா ஆஸ்பத்திரியில் இருக்கிறாள். வலி கண்டுவிட்டது. மருந்து ஏற்றி நிறுத்தி வைத்திருக்கிறார்கள். ஒவ்வொரு நாளும் ஜூலைக்கு லாபம் என்கிறார் டாக்டர். உன்னிடம் சொல்லக்கூடாது என்றாள். உன் கடிதத்தைப் படித்த பிறகு சொல்லாமல் இருக்க முடியவில்லை.

உன்னால் வந்தது இல்லை. டாக்டரிடம் கேட்டுவிட்டேன். ஆனால் உண்மையையும் சொல்லவேண்டும். அந்தப் பொம்மைக் கதையைக் கேட்ட அன்றைக்கு அவள் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தவள்தான். அதன் பிறகு எதையும் கேட்பதில்லை. காதில் மாட்டும் கருவியைப் பையில் வைத்துக் கொடுத்தேன். அது பையிலேயே இருக்கிறது.

தங்கள் உடல்நலத்தைப் பேணுமாறு வேண்டுகிறேன்.

உன் அத்தான் கோஹே


நாகவோகா, மே 19

அக்கா,

தட்பவெப்பம் எழுதவில்லை, மன்னித்துவிடு. அத்தானைத் திட்டாதே. நான் வரவில்லை, வரக்கூடாது என்ற விதி அப்படியே இருக்கிறது. இதைப் படித்தால் போதும்.

அத்தான் கடிதத்தை எடுத்துக்கொண்டு இவாபுச்சி அம்மாவிடம் போனேன். நடந்ததைச் சொன்னேன். அவர் என்னைத் திட்டவில்லை. "கடைசியில நான் சொன்னதைக் கேட்டிருப்பாளே, அப்புறமுமா?" என்றார். "கடைசியில என்ன சொன்னீங்க?" என்றேன். "நீதானே பதிவு பண்ண?" என்றார்.

அசலை எடுத்துப் போட்டேன். உருவத்தை விவரித்து முடிக்கிறார். நாற்பத்தோரு விநாடி எதுவும் இல்லை. அவர் அதைத் துணியில் சுற்றிப் பெட்டிக்குள் வைக்கிறார், துணி உரசுகிறது. அந்தப் பக்கம் திரும்பியபடியே, மைக்குக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, தனக்குத்தானே சொல்வதுபோலச் சில வார்த்தைகள் சொல்கிறார். அவ்வளவு மெதுவாகச் சொன்னதால் மௌனவெட்டி அதையும் மௌனம் என்று நினைத்து வெட்டிவிட்டது. நான் எழுதிய நிரல். அளவு வைத்தவனும் நான்.

அந்த வார்த்தைகள் இவை:

"எதுக்கு உடைச்சாங்கன்னு யாருக்கும் தெரியாது. ஆனா, பிள்ளைத்தாச்சிப் பொண்ணுக்கு எதுவும் ஆகக்கூடாதுன்னு, அவளுக்குப் பதிலா இதை உடைச்சிருப்பாங்கன்னு சிலர் சொல்றாங்க. நானும் அப்படித்தான் நம்பறேன்."

அதற்குப் பிறகும் ஒன்று இருக்கிறது. பெட்டியை மெல்லத் தட்டி, "நன்றிம்மா" என்கிறார். அந்த மண்பொம்மையிடம்.

அசலை அனுப்பியிருக்கிறேன், முப்பத்தைந்து நிமிடம். கேட்காவிட்டாலும் பரவாயில்லை. பதில் வேண்டாம். எத்தனை நாளானாலும் கேட்கமாட்டேன்.

ஹயாதோ


யாய்ஸு, ஜூன் 28

அன்புத் தம்பி,

மழைக்காலம். துணி எதுவும் காயவில்லை. காயவேண்டிய துணி இப்போது இந்த வீட்டில் நிறைய. நான் நலம். நீ நாற்பது நாள் ஒரு தடவைகூடக் கூப்பிடவில்லை என்று அத்தான் சொன்னார். உன் உடம்புக்கு ஏதாவது ஆகிவிட்டதோ என்று உண்மையிலேயே பயந்துவிட்டேன்.

ஜூலை, ஜூன் ஒன்பதாம் தேதியே வந்துவிட்டாள். உன் மருமகளேதான், பொறுமையே இல்லை. இரண்டாயிரத்து நாற்பது கிராம். இரண்டு வாரம் கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தாள். கையைக் கழுவி, கடிகாரத்தைக் கழற்றி வைத்துவிட்டு, ஓட்டை வழியாகத்தான் தொடவேண்டும். முதல் நாள் கைக்கடிகாரத்தைக் கழற்றி மேஜைமேல் வைத்தேன். அந்தச் சத்தம்! உங்கள் இவாபுச்சி அம்மாவின் பானை நினைவுக்கு வந்தது. அதேபோல மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டுதான் கையை உள்ளே விட்டேன். முந்தாநாள் வீட்டுக்கு வந்துவிட்டோம்.

உன் கடிதம் வந்த அன்று கருவியைப் பையிலிருந்து எடுக்கச் சொன்னேன். அந்த நாற்பத்தோரு விநாடியில் என் வயிற்றில் மாட்டியிருந்த, வலியை அளக்கும் கருவி டிக் டிக் என்று ஓடிக்கொண்டிருந்தது. அந்த வார்த்தைகளைத் தினமும் ஒரு தடவை கேட்டேன். முதல் நாள் மட்டும் அத்தைக்கும் போட்டேன். அவர் கருவியைக் கழற்றி என் தலையணைமேல் வைத்தார். அப்புறம், "அந்தப் பிள்ளைத்தாச்சிப் பொண்ணு சார்புல ஒரு மண்பொம்மைக்கு நாம கடன்பட்டிருக்கோம்" என்றார். அந்தச் சொல்லை நானே அவர் முன்னால் சொன்னேன் தம்பி, உடைந்த என்று. ஒன்றும் ஆகவில்லை.

உன் போனுக்கு ஒரு பதிவு அனுப்பியிருக்கிறேன். இந்தத் தடவை பதிவு செய்தது நான். குறை இருந்தால் சொல்.

நாகிசா


நாகவோகா, ஜூலை 3

அக்கா,

மழை. நெல் முழங்கால் உயரம். நான் நலம், மிகவும் நலம். நீங்கள் மூவரும் நலமா? அத்தையைச் சேர்த்தால் நால்வர்.

உன் பதிவு, நான்கு நிமிடம் பத்து விநாடி. பழக்கதோஷத்தில் மௌனவெட்டிக்குள் போட்டுவிட்டேன். "ஒலி எதுவும் இல்லை. சேமிக்க ஒன்றுமில்லை" என்று திரையில் வந்தது. போனைத் துணிக்கடியில் வைத்துவிட்டாய் போல, உனக்குப் பதிவு செய்யத் தெரியவில்லை என்று ஒரு நிமிடம் நினைத்தேன். இதையும் ஒப்புக்கொள்கிறேன்.

பிறகு நிரலை மூடிவிட்டு ஒலியைக் கடைசிவரை ஏற்றினேன். மழை இருக்கிறது. எங்கோ அத்தை ஜன்னல் சாத்துகிறார். அதற்கடியில், அரிசியை விரலால் அளைவதுபோல் ஒன்று. வருகிறது, போகிறது. ஒரு தடவை நிற்கிறது. நின்றேவிட்டது. நான் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டேன். மறுபடி வந்தது. பெருமூச்சுவிட்டுத் தூக்கத்தைத் தொடர்கிறாள்.

இவாபுச்சி அம்மாவைக் கூப்பிட்டு காதில் மாட்டும் கருவியின் ஒரு பக்கத்தை அவருக்குக் கொடுத்தேன். நான்கு நிமிடம் பத்து விநாடியும் நின்றபடியே கேட்டார். "இதுல எதை வெட்டப் போற?" என்றார். "நீங்க வேற மேடம்" என்றேன்.

சனிக்கிழமை வருகிறேன். விதி முடிந்துவிட்டது, ஜூலை வந்தாயிற்று. ரயில் மாறி மாறி மதியத்துக்குள் வந்துவிடுவேன். அழைப்புமணி அடிக்கமாட்டேன். அவள் தூங்கிக்கொண்டிருந்தால் வாசலிலேயே உட்கார்ந்திருக்கிறேன். அவளாக எழுந்த பிறகு நீ வந்து கதவைத் திற. எவ்வளவு நேரமானாலும் சரி.

கைக்கடிகாரத்தை வீட்டிலேயே கழற்றி வைத்துவிட்டு வருகிறேன்.

ஹயாதோ மாமா